எஸ்ஸுக்கு முன்னால், எஸ்ஸுக்குப் பின்னால்

டொங்காட்டில் கரும்பு கொளுத்தும் மாதம்.
ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம்,
திறந்தால் கரித்துணுக்கு.
வக்கீல் ப்ரிக்ஸ் ஆபீசில் எந்த வெள்ளைத் தாளும்
பத்து நிமிடத்துக்கு மேல்
வெள்ளையாய் இருந்ததில்லை.

காத்தமுத்துப் படையாட்சி
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
உயில் சொன்னார். தமிழில்.
"வீடு பிள்ளைக்கு."
"எந்தப் பிள்ளைக்கு ஐயா?"
"பிள்ளைக்குத்தாம்மா. வேற யாருக்கு?"
ப்ரிக்ஸ் என்னைப் பார்த்தார்.
நான் மெஷினைப் பார்த்தேன்.

பிள்ளைகள் மூன்று.
பிறப்பைப் பதிந்த குமாஸ்தாக்களும் மூன்று பேர்.
சபாபதியின் படையாட்சி இரண்டு 'ஈ'யில் முடியும்.
தனபாலனுடையது ஒரு 'ஒய்'யில்.
கனகம்மாவுடையதில் நடுவே ஓர் எழுத்தைக் காணோம்,
யாரும் தேடவில்லை.

இங்கிலீஷை நான் திட்டாத நாளில்லை.
கத்திக்கு முன்னால் ஒரு 'கே' காவல் நிற்கும்,
வாயைத் திறக்காது.
கடனுக்குள் ஒரு 'பி'. ரசீதுக்குள் ஒரு 'பி'.
தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பி,
இங்கிலீஷில் சொன்னால் இரண்டுமே இல்லை,
விட்டுவிட்டால் மட்டும்
ப்ரிக்ஸ் சிவப்புப் பேனாவைத் திறப்பார்.
நம்மவர்களும் லேசுப்பட்டவர்களா,
ஒற்று மிகும் மிகாது என்று
கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருப்பி அனுப்புவார்கள்.
ஆனால் ஓர் ஒற்றுக்காக
யாரும் வீட்டை இழந்ததாய்க் கேள்வியில்லை.

அப்பாஸ்ட்ரஃபி
என் மெஷினில் எட்டுக்கு மேலே குடியிருந்தது.
ஷிஃப்டை அமுக்கி எட்டைத் தட்டினால்
அந்தரத்தில் ஒரு காற்புள்ளி தொங்கும்.
எஸ்ஸுக்கு முன்னால் தொங்கினால்
வீடு ஒரு மகனுடையது.
பின்னால் தொங்கினால்
எத்தனை மகன்கள் உண்டோ அத்தனை பேருடையது.
இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை.
அந்த இழைக்குள்
நான்கு அறை, ஒரு மாமரம், தகரக் கொட்டகை.

தட்டினேன்.
கையெழுத்துப் போட்டார். சாட்சிகளும் போட்டார்கள்.
ஜனவரி மழையில் போய்ச் சேர்ந்தார்.

டர்பன் கோர்ட்டில்
பூதக்கண்ணாடி கைமாறிக்கொண்டே இருந்தது.
எஸ்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்பு.
எஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கறுப்பு.
ஒன்று மை, ஒன்று கரும்புக் கரி.
கார்பன் பிரதியைக் கேட்டார்கள்.
ஏழாம் முறை போட்ட கார்பன் அது,
வரி முழுக்கவே சாம்பல்.
"நீங்கள் எங்கே தட்டினீர்கள்?"
"ஞாபகமில்லை" என்றேன், சத்தியம் செய்துதான்.
அது எவ்வளவு உண்மை என்பதை
இங்கேயும் சொல்வதாயில்லை.
வழக்கு ஒத்திப்போனது.

பின்வரிசையில் கனகம்மா.
மூன்று வருடம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள்.
எஸ்ஸுக்கு முன்னாலும் இல்லை,
பின்னாலும் இல்லை.

அன்றிரவு பாத்திரம் துலக்கும்போதுதான் தோன்றியது:
'சைல்ட்' என்று தட்டியிருக்கலாம்.
பலராகும்போது
அந்தச் சொல் எஸ்ஸைத் துணைக்குக் கூப்பிடாது,
'சில்ட்ரன்' என்று ஆளே மாறிவிடும்.
அதன் வீட்டில் அப்பாஸ்ட்ரஃபிக்கு
நிற்க ஒரே இடம்தான்.
கரி எங்கே விழுந்தாலும் கவலையில்லை.
விதிக்கு அடங்காத சொல் என்று
பள்ளிக்கூடத்தில் பட்டியல் போட்டு
மனப்பாடம் செய்யவைத்தார்கள் அதை.
மனப்பாடமாய்த்தான் இருந்தது.
பிள்ளை என்றால் மகன் என்று
என் விரலுக்கு யார் சொன்னது?

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் அவளே கேட்டாள்.
"தமிழிலேயே அடிச்சிருந்தா
என்ன அடிச்சிருப்பே?"
"பிள்ளைக்கு."
சிரித்தாள்.
"அதுல நானும் இருக்கேனான்னு
அவரைத்தான் கேக்கணும்."

பஸ் வந்தது.
அவள் தோளில் ஒரு கரித்துணுக்கு.
தட்டலாமா என்று நினைப்பதற்குள்
ஏறிவிட்டாள்.