முதல் எழுத்து

நீளம் ஏழு மில்லிமீட்டர், தாடையும் சேர்த்து.
கண்ணுக்கு மேல் இரண்டிரண்டு மயிர்.
இடப்பக்கம் ஒன்று உதிர்ந்துவிட்டது;
குழி இருக்கிறது, எண்ணிக்கொண்டேன்.

பெபூர் காட்டில் விடாத மழை.
அழுகிய கட்டைக்கு அடியில் ஒன்றே ஒன்று,
பெண்.
பிறகு ஒன்பது முறை போனோம், நானும் ஜிசெலும்.
மண்புழு. மண்புழு. யாரோ தின்ற பிஸ்கட்டின் உறை.

முதுகோடு திறக்கவில்லை,
நடுக்கோட்டில் ஒட்டிப்போன கதவு.
அடியில் சிறகே கிடையாது.
கடல்மேல் பறந்து வந்த ஏதோ ஒன்று
இங்கே இறங்கி
மெல்ல மெல்ல மறந்திருக்கிறது.

"எத்தனை உள்ளன?" என்கிறது படிவம்.
ஒன்று இருந்தது என்று எழுதி
அடித்தேன்.

பெயர் அச்சேறிவிட்டால் அவ்வளவுதான்.
இலக்கணம் பிசகினாலும்
முதலில் எழுதியதே செல்லும் என்பது விதி.
சென்-தெனி துறைமுகத்தில் ஒரு குமாஸ்தா
மருதையனையோ மருதாயியையோ நிமிர்ந்து பாராமல்
மர்தே என்று எழுதினானே,
அதே விதி.
என் கையெழுத்தும் மர்தேதான்.

மெய்ப்புத்தாளில் ஆறாவது தடவையாக
அதன் பெயரை
எழுத்தெழுத்தாகச் சத்தமாய்ப் படிக்கிறேன்.
சிவப்புச் சீட்டில் மை காய்கிறது.
அட்டைமேல்
ஆறு காலும் பரப்பி ஒட்டியிருப்பது
எந்தப் பெயருக்கும் திரும்பவில்லை.