மூன்று வரி இடம்

இந்தக் கட்டிலை எதற்குள் பதிவது?
தளபாடம் என்றால் ஒரு வரி,
மருத்துவ உபகரணம் என்றால் வேறொரு அமைச்சு.
மூடி இருக்கிறது, உள்ளே இருபத்துநாலு குழல் விளக்கு.
"சவப்பெட்டிக்கு லைசன்ஸ் கேட்கிறேல்லைத்தானே"
என்றாள் அடுத்த மேசை ஹப்ஸா,
சிரிக்காமல்.

நிலாவெளி ஹொட்டேலுக்கு வந்த சாமான்.
மார்கழியில் வானம் மூடிக் கடல் கறுக்கும்போது
தப்பித்தவறி வந்து சேரும் வெள்ளைக்காரரை
ஏமாற்றாமல் கறுப்பாக்கி அனுப்ப.
முதலாளி ஜோன்பிள்ளை நேரிலேயே வந்துவிட்டார்.
"நான் வெயில்தான் பிள்ளை விக்கிறன்.
வெயிலில என்ன குற்றம்?"

மேலிடத்துக் கடிதம் கேட்கிறது:
கட்டுப்படுத்துவதா, முற்றாகத் தடைசெய்வதா?
முப்பதாம் திகதிக்கு முன், இரு பிரதிகளில்.
காரணம் எழுத மூன்று வரி இடம்.
யன்னலுக்கு வெளியே ஒரு மான்
வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு நிற்கிறது.

கடற்கரைக்குப் போனேன்.
உச்சி வெயிலில் கரைவலை இழுக்கிறார்கள்.
யோகராசா அண்ணரின் முதுகு
தார் பூசிக் காயவிட்ட தோணி.
ஐம்பத்தொரு வருட வெயில்,
கட்டணமில்லை, நிழலுமில்லை.
பத்தடி தள்ளி இங்க்ரிட், எண்ணெய் மினுங்க.
தோளில் வெட்டித் தைத்த தழும்பு.
பதினாறு வயதில் தொடங்கினாளாம், தன் ஊர்க் கடைத்தெருவில்.
காசு போட்டால் பத்து நிமிடம்.
முப்பத்தொன்றில் ஒரு மச்சம் கரை உடைத்தது.
"அன்றைக்கு யாராவது அந்தக் கதவைப் பூட்டியிருக்கலாம்"
என்று சொல்லிவிட்டு
மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

எனக்குச் சிரிக்க உரிமையில்லை.
என் கைப்பையில் ஒரு டப்பா,
எந்தப் பாஷை எழுத்தென்றே தெரியாத லேபிள்.
பெண் பார்க்க வந்தவர்கள்
"பிள்ளை நல்ல பிள்ளை, நிறம்தான் கொஞ்சம் மட்டு" என்று
தரகரிடம் சொல்லிவிட்ட மாதம் வாங்கியது.
அதில் பாதரசம் என்றார் டொக்டர் திலகேஸ்வரி.
கேட்ட பிறகும் மூன்று இரவு பூசினேன்.
நாலாம் இரவு திறந்து, மணந்து, மூடினேன்.
எறியவில்லை.
அது தடைசெய்த சாமான்தான்.
தடைக்குப் பிறகு முன்னூறு ரூபாய் கூட,
அவ்வளவுதான் வித்தியாசம்.

தடை என்ற சொல்லே இந்த ஊரில் வேறு.
கடலையே தடைசெய்த காலம் இருந்தது.
பாஸ் காட்டி வள்ளம் இறக்கி,
சொன்ன நேரத்துக்குக் கரை திரும்பி,
பிந்தினால் அடி.
அரசாங்கம் கூடாது என்று வாய் திறந்தால்
உடம்புக்கு முதலில் அதுதான் ஞாபகம் வரும்.
அதனால் அந்தச் சொல்லை முழுசாக நம்பேன்.
ஜோன்பிள்ளை சொல்லும் சுதந்திரத்தையும்தான்.
என் தோல், என் விருப்பம் என்று எழுதலாம்.
விருப்பத்தை எனக்குள் வைத்துவிட்டுப் போனது யார் என்று
அடுத்த வரி கேட்கும்.
மூன்று வரிக்குள் அடங்காது.

கடைசி நாள், நாலு மணிக்கு, எழுதினேன்.
தடை செய்க.
காரணம் ஒன்று: பதினாறு வயதுக்காரி காசு போடும்போது
முப்பத்தொரு வயதுக்காரி மறுக்க அங்கே நிற்பதில்லை.
காரணம் இரண்டு: ஒருவருடைய புற்றை
இன்னொருவர் மணிக்கணக்கில் வாடகைக்கு விடக் கூடாது.
மூன்றாம் வரியில்,
கரைவலை இழுப்போருக்கு ஒரு நிழற்கொட்டகை,
குடிதண்ணீர்க் குழாய் ஒன்று.

"அது வேற பிரிவு, வெட்டு" என்றாள் ஹப்ஸா.
வெட்டினேன்,
இரு பிரதியிலும்,
ஒற்றைக் கோட்டால்,
கீழே எழுதியிருப்பது
வாசிக்கத் தெரியும்படி.