முகமும் துவாரமும்

முகத்துவாரத்தில் மேடு இருக்கிறது என்றால்
வெள்ளவத்தைக்காரர் சிரிப்பார்கள்.
இருக்கிறது.
ஓட்டோ முதல் கியரில் முனகி ஏறும்.
பந்து கைதவறினால்
கீழே வலை காயும் ஒழுங்கை வரை போய்த்தான்
தேடவேண்டும்.

அந்தச் சரிவில் ஆறரைப் பேர்ச் காணி.
மேல் வேலிக்கும் கீழ் வேலிக்கும்
பதினொரு அடி வித்தியாசம்.
குழாயில் தண்ணீர் நிரப்பி
நானே மட்டம் பிடித்துப் பார்த்தேன்.

இக்னேஷியஸ் கொரேரா,
துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் பாரந்தூக்கி ஓட்டியவர்,
முற்பணம் தரும்போது சொன்னது இவ்வளவுதான்:
"மேட்டை வெட்டாதீங்க மிஸ்.
பின்னுக்கு யாரோ கல்லு எடுத்த வெட்டு ஒண்டு இருக்கு.
அது போதும்."

பியதாச பாஸுக்கு வேறு கணக்கு.
ஜேசிபி ஒரு நாள், மண்ணுக்கு நாலு லொறி,
தட்டையாக்கினால் மூன்று மாதத்தில் சாவி.
நான் நிலத்தை நிமிர்த்தவில்லை.
வீட்டை மடித்தேன்.
ஒழுங்கையிலிருந்து நுழைந்தால் விறாந்தை,
ஏழு படி ஏறினால் ஹோல்,
நாலு படி இறங்கினால் குசினி.
பலாமரத்துக்காகக் குளியலறை
ஓரடி விலகிக்கொண்டது.
மேட்டுத் தண்ணீரோடு வழக்காட முடியாது;
வெட்டுக்கும் சுவருக்கும் நடுவே மூன்றடி விட்டு
அடியில் கான் ஓடவிட்டேன்.

இனி என் பெருமை:
ஹோலின் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி.
பன்னிரண்டு அடி.
குசினிக் கூரைக்கு மேலால்
அலைதடுப்பு, வரிசையில் நிற்கும் கப்பல்கள்,
ஆறு மணிச் சூரியன்.
கலர் பென்சிலால் கடலைத் தீட்டியே
இரண்டு இரவு போனது.

அவர் வரைபடத்தில் விரல் வைத்தார்.
"இது எதுக்கு?"
"கடல், அங்கிள்."

"நூத்திமுப்பது அடி உயரம், கண்ணாடிக் கூண்டு.
காலுக்குக் கீழயும் கண்ணாடி.
கடலை நான் பாத்து முடிச்சிட்டேன் மிஸ்.
பெட்டி வரும்வரை சும்மா இருக்கிற நேரம்
கழுத்தைத் திருப்பினா இந்தச் சரிவு.
சிவப்பா ஒரு கீறல், அதில கொஞ்சம் பச்சை.
கிட்டப் போனா என்ன இருக்கும் எண்டு
அவ்வளவு நாளும் யோசிச்சேன்."

பார்வை என்றால் தூரம் என்று
மொறட்டுவையில் படித்து வந்தவள் நான்.
அழிறப்பரை எடுத்தேன்.
பன்னிரண்டு அடிக் கண்ணாடியும்
கிழக்கே திரும்பியது,
மூன்றடிக்கு அப்பால் நிற்கும்
ஒரு கபுக்கல் சுவரைப் பார்க்க.

மாநகரசபை அதிகாரி
தாளைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார்.
கடலுக்கா முதுகு?
ஊரின் பெயரிலேயே முகமும் உண்டு, துவாரமும் உண்டு,
எது எங்கே என்பது அவரவர் பாடு என்று
சொல்ல நினைத்து
"காற்றோட்டம் சேர்" என்றேன்.
முத்திரை விழுந்தது.

டெல்ஃபின் அக்கா
தரைக்கல் தெரியும் நாள்வரை ஒன்றும் கேட்கவில்லை.
பிறகு, குசினியில்,
"இதில ஒரு சின்ன யன்னல். கடல்பக்கம்."
எவ்வளவு சின்னது?
கழுவிக்கொண்டிருந்த தட்டை உயர்த்திக் காட்டினா.
"எட்டாம் நம்பர்ர கை இறங்கினா
வேலை முடியப்போகுது, சோறு வடிப்பேன்."
"இப்ப அங்கிள் ஓட்டுறதில்லையே?"
"வேற யாரோ ஒரு பிள்ளை ஓட்டுது.
அதையும் யாராவது பாக்கணும்தானே."

வைகாசி மழையில்
கான் தன் வேலையைச் செய்தது.
ஐந்தாம் படியில் மட்டும் ஒரு கசிவு.
பியதாச பாஸ் என்னைப் பார்த்த பார்வையை
இங்கே எழுதப்போவதில்லை.

கசிவைப் பார்க்கப் போன அன்று
பதினொன்றரை இருக்கும்.
அந்த இடுக்குக்குள் வெயில் இறங்கும் நேரம் அதுதான்,
அரை மணித்தியாலம்.
கொரேரா கதிரையைக் கண்ணாடியோடு ஒட்டிப் போட்டிருந்தார்.
ஈரக் கல்லின் ஓட்டைகளில் பாசி,
விரல் நீளப் பன்னம்,
ஒரு நத்தை.

"காலையில அந்த வேரடியில நிண்டது" என்றார்.
"இப்ப ஒரு சாண் வந்திட்டுது.
சரியா,
கப்பல் உள்ள வாற வேகம்."