பணி நியமனம்

சுங்கை பூலோ. சனிக்கிழமை, காலை ஏழரை.
பலகைப் பாதையின் குறுக்கே
ஓர் உடும்பு படுத்திருந்தது.
வழிவிடும் எண்ணம் அதற்கில்லை.
தாண்டும் எண்ணம் எங்களுக்கில்லை.

மனிதவளப் பிரிவில் மூன்று வருடமாக
எதிரெதிர் மேசை, பௌசியாவும் நானும்.
எத்தனை பேரை நேர்காணலில் நடுங்க வைத்திருப்போம்!
இப்போது நடுங்கியது எங்கள் முழங்கால்.

"வாட்ச்மேன் அங்கிள்," என்றாள் பௌசியா
உதடு அசையாமல்.
"ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு தூங்குறாரு, எழுப்பிடாதே."

சிரிப்பை அடக்கியதில்
பயத்தை அடக்க மறந்துபோய்
கைப்பிடியை உரசிக்கொண்டு கடந்துவிட்டோம்.

அப்புறம் என்ன, ஆள்சேர்ப்புதான்.

சேற்றில் தத்தும் மீன்:
பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு
புதிய வேலையில் இன்னும் சேராதவர்.
ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கிக் காட்டும் நண்டு:
கூட்டம் முடியும் நேரத்தில்
கேள்வி கேட்டே தீருபவர்.
குயில்:
சம்பள உயர்வு கேட்டுக் கேட்டு
சுருதி ஏறிப்போனவர்.
குரங்குக்கு உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி.
என் பையின் ஜிப்பைத் தானே திறந்து
குடையை வைத்துவிட்டு
கறி பஃப்பை மட்டும் பறிமுதல் செய்தார்.
ரசீது தரவில்லை.

சேற்றைக் குத்திக்கொண்டு நின்ற வேர்களை
"எல்லாரும் உட்காருங்க, கூப்பிடுறோம்" என்று
கையசைத்துக் கடந்தோம்.
எதிரே ஓடிவந்த ஒருவர்
எங்களுக்காகக் கொஞ்சம் வேகம் கூட்டினார்.

பாலத்தில் நின்றபோது
ஆற்றில் ஒரு கட்டை மிதந்தது.
கட்டை கண் திறந்தது.

பௌசியா வாய் திறந்தாள்.
ஒன்றும் வரவில்லை.
நானும் தேடிப் பார்த்தேன்.
அப்படி ஒரு பதவி
எங்கள் அலுவலகத்தில் கிடையாது.

நீர் இறங்கிக்கொண்டிருந்தது.
அக்கரை ஜொகூர்க் கட்டடங்கள்
மங்கலாய்ச் சின்னதாய்.
எவ்வளவு நேரம் நின்றோமோ,
கைப்பேசியை யாரும் எடுக்கவில்லை.

"நாமதான் விண்ணப்பிக்கணும் போல,"
என்றேன், என் குரல் எனக்கே புதிதாக.
முதலை
ஒரு கண்ணை மட்டும் மூடியது.
பரிசீலனையில் இருக்கிறது.

திரும்பும் பேருந்தில்
மணிக்கட்டில் ஓர் எறும்பு.
நேற்றென்றால் பேருந்தே நின்றிருக்கும்.
"யாருடி இது?" என்றேன்.
எட்டிப் பார்த்தாள் பௌசியா.
"இன்டர்ன். இன்னிக்குத்தான் முதல் நாள்."

கடிக்கத்தான் செய்தார்.
ஆனாலும் கிராஞ்சியில் இறங்கி
ஒரு புல் பார்த்து
இறக்கிவிடும் வரை
கையை ஆட்டாமல் வைத்திருந்தேன்.