நாற்பத்தோரு நாள்

அஸ்தம்பட்டியில் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில்
ஒரு மஞ்சள் காமாலை இருக்கிறது.
பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும்
யாருக்கு வேண்டுமானாலும் வரும்.
'நாட்டு மருந்து உட்கொண்டு பூரண ஓய்வில் இருந்தபடியால்
குறித்த காலத்துக்குள் மேல்முறையீடு
தாக்கல் செய்ய இயலவில்லை.'
சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது.
இத்தனை வருடத்தில் ஒரு நீதிபதியும்
மருந்துச் சீட்டு கேட்டதில்லை.

மஞ்சக்குட்டையிலிருந்து செல்லக்காள் இறங்கி வந்தபோது
கெடு முடிந்து முப்பது நாள்.
சில்வர் ஓக்கில் ஏறிய மிளகுக்கொடி யாருடையது என்பதில்
புருஷன் வெள்ளியன் வீசிய கவாத்துக் கத்தி.
அவன் பங்காளிக்குத் தோளில் ஏழு தையல்
இவனுக்கு இரண்டு வருடம்.

ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் காரணம் வேண்டும் என்றேன்.
அவள் ஒவ்வொரு நாளாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்தப்ப காப்பிப் பழம் எடுப்புங்க,
விட்டுட்டு வந்தா அடுத்த வாரம் பேர் இருக்காது.
பதினாலாவது வளைவுல பாறை விழுந்து பஸ் இல்ல,
குப்பனூர் வழியா சுத்தி வரக் காசு இல்ல.
ஒரு நாள் வந்தேன், வக்கீலுங்க எல்லாம் ஸ்ட்ரைக்குன்னாங்க.
இன்னொரு நாள், ஜெயிலு பக்கத்துலதானேன்னு
அவரை ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்தேன்,
உங்க ஷட்டர் இறங்கியிருந்துச்சு.
ஒரு நாளுக்கு மட்டும் காரணம் தெரியலைங்க.
சும்மா உக்காந்திருந்தேன்.

பேனாவை மூடினேன்.
சும்மா உட்கார்ந்திருந்ததை எந்தப் பத்தியில் சேர்ப்பது.

காமாலை போட்டுடலாம்மா.
எனக்கு வந்ததில்லைங்களே.
வந்ததா வெச்சுக்கலாம்.
சிரித்துக்கொண்டே கடைசிப் பக்கத்தில் ரேகை வைத்தாள்,
மையை முந்தானையின் உட்பக்கம் துடைத்தாள்.

பிறகு அந்தக் கட்டு எங்கள் மேசையில் பதினோரு நாள் கிடந்தது.
சீனியர் மகளுக்கு வளைகாப்பு,
எனக்கு ஒன்றுமில்லை, மறந்துபோனேன்.
முதல் பக்கத்தை மட்டும் மாற்றி அடித்து
முப்பதை நாற்பத்தொன்று ஆக்கினேன்.
என் பதினோரு நாளும்
அவள் ஈரலில் போய்ச் சேர்ந்தன.

அன்றைக்கே அரசுத் தரப்பிலும் ஒரு மனு.
முந்நூற்றுப் பன்னிரண்டு நாள்,
கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்ததாம்.
அதுவும் மன்னிக்கப்பட்டது, எங்களுடையதும்.
அந்த ஹாலில் தாமதத்துக்குக் கிடைக்கும் மன்னிப்பு
ஆட்களுக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஜாமீனும் வந்தது.
சொத்து வரி ரசீதோடு நிற்க இரண்டு பேர் வரவில்லை.

எழுத்து வாதுரைக்கு இரண்டு வாரம் வாய்தா வாங்கினோம்.
இன்னொரு இரண்டு வாரம்.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
'கடைசி வாய்ப்பு' என்று எழுதினார்.
அதற்கடுத்த கடைசி வாய்ப்பும் தந்தார்.

நேற்று செல்லக்காள் வந்திருந்தாள்.
வாதுரை பற்றிக் கேட்கப்போகிறாள் என்று
முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

நம்ம காகிதத்தை ஜெயில்ல படிச்சுக் காட்டினாங்களாம்.
மனுப் பார்க்கப் போனா
கேஸைப் பத்தி ஒரு வார்த்தை இல்லைங்க,
கண்ணைக் கீழ இழுத்துக் காட்டுங்கறாரு.
கம்பி வலைகிட்ட மூஞ்சிய வெச்சுக் காட்டினேன்.
வெள்ளையாத்தான் இருக்குங்கறாரு
ஆனா நம்ப மாட்டேங்கறாரு.
எனக்கு ஒண்ணுமில்லன்னு எவ்வளவோ சொல்லிட்டேன்.
பொய் சொல்லாத புள்ள,
கோர்ட்டுக் காகிதத்துல போட்டிருக்கேங்கறாரு.