எந்தக் கோப்பில்

தோர்ஸ்ஹவ்னில் அன்று மழை பக்கவாட்டில் பெய்தது.
மர்யுன் நனைந்த கடிதத்தை என் மேசையில் வைத்தாள்:
'என் ரத்தத்தை அழித்துவிடுங்கள்.'

தேடினேன்.
அவள் பெயரில் ஒரு சொட்டும் இல்லை.
இருந்தது ரன்வாவுடையது,
ஒரே கருவில் பிரிந்த இரட்டை.
ஆறு வருடம் முன்பு, பதினொரு பக்கப் படிவம்,
'இனி வரும் எந்த ஆய்வுக்கும்' என்ற கட்டத்தில்
அவசரமாய் ஒரு டிக்.

"அவள் கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை.
உள்ளே எழுதியிருப்பது ஒன்றுதானே?"

வழக்கறிஞருக்குப் போன் போட்டேன்.
கையெழுத்துப் போட்ட கைக்குத்தான் உரிமை என்றார்.
பிறகு வெகுநேரம் செருமினார்.

ரன்வாவிடம் பேசிப் பாருங்களேன் என்றேன்.
"மூன்று வருடமாகப் பேச்சில்லை.
ஆடு மேய்க்கும் சரிவு யாருக்கு என்று தகராறு."

விதியை மீறி உறைபெட்டியைத் திறந்து காட்டினேன்.
நான்காம் தட்டு. சுண்டுவிரல் உயரக் குழாய்.
தானாடாவிட்டாலும் தசையாடும்;
மைனஸ் எண்பதில்
எதுவும் ஆடாது.
அவள் மூச்சுதான் புகையாகி
அதன் மேல் போய்ப் படிந்தது.

"மூடுங்கள்" என்றாள், "உருகிவிடப்போகிறது."

சம்மதத்துக்கு ஒரு கோப்பு, விலகலுக்கு ஒன்று.
கடிதம் இன்னும் என் இழுப்பறையில்,
சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில்.