டயர்டு

மின்னஞ்சல் மாலை ஐந்தரைக்கு மேல்தான் வரும்,
அவர்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக் கை துடைத்த நேரம்.

நான் ஆம்பூருக்கு வேலைக்கு வந்த வருஷம்
வேண்டாம் என்பதற்கு 'அவுட்டேட்டட்' என்று எழுதினார்கள்.
முழுச் சொல். தையல் நூல் பிரியாமல்.
மூன்று வருஷத்தில் அது 'டேட்டட்' ஆனது.
முன்னால் இருந்த 'அவுட்' உதிர்ந்ததை
சரக்குக் குறைவுபோலக் குறித்துக்கொண்டேன்.
பிறகு ஒருவர் 'பாஸே' என்றார்;
கடைசி எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொம்பு.
கீபோர்டில் தேடினேன், கிடைக்கவில்லை,
கொம்பில்லாமல் பதில் போட்டேன்.

இதையெல்லாம் கீழே ஹாலில் இறங்கித் தமிழில் சொல்வதும் நான்தான்.
சம்பளச் சீட்டில் அப்படி ஒரு வேலை கிடையாது.
எல்லாச் சொல்லுக்கும் என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது:
"மவுசு போய்டுச்சாம்."

'லாஸ்ட் சீசன்' வந்த அன்றுமட்டும் குழப்பம்.
எங்களுக்கு லாஸ்ட் என்றால் கால் அச்சு,
சத்தார் பாய் நம்பர்வாரியாக ரேக்கில் அடுக்கியிருப்பது.
எந்த லாஸ்டில் கோளாறு என்று
நாற்பத்திரண்டிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி
குதிகாலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார் மனுஷர்.
அச்சில் ஒன்றுமில்லை பாய், வருஷத்தில்தான் கோளாறு என்றேன்.
"அதுக்கு அரம் போட முடியாதே" என்று
திரும்ப அடுக்கப் போனார்.

போன மாதம் புதிதாக ஒன்று:
'இந்த மாடல் டயர்டாகத் தெரிகிறது.'
மவுசைச் சொல்லாமல் அப்படியே சொல்லிப் பார்த்தேன்,
களைத்துவிட்டதாம்.
தபித்தாள் மெஷினை நிறுத்தவில்லை.
"பொட்டிய வுட்டே எறங்கல,
அதுக்கு இன்னா களப்பு?"
ஹால் முழுக்கச் சிரிப்பு.
பசை மேசையில் காலையிலிருந்து நின்றவள்
சிரித்தபடியே
எடையை இடது காலுக்கு மாற்றிக்கொண்டாள்.

வேண்டாமென்ற சரக்கு வெகுதூரம் போவதில்லை.
பைபாஸ் ஓரம் தார்ப்பாயில் குவித்து, ஜோடி முன்னூறு.
இரண்டாயிரத்துப் பதினொன்றில் ஒரு சதுர மூக்கு,
திராட்சை நிறம், பக்கவாட்டில் பித்தளைக் கொக்கி,
நாலாயிரம் ஜோடி. 'டேட்டட்' என்று ஒரே வரி.
அந்த வருஷம் எங்கள் பக்கத்தில்
மாப்பிள்ளைகள், எல்ஐசி ஏஜெண்டுகள்,
பேர்ணாம்பட்டு பஸ்ஸின் கண்டக்டர்,
எல்லாரும் சதுர மூக்கோடு நடந்தார்கள்.
முனிச்சில் முடிந்துபோனது
மாதனூரில் அந்த வாரம்தான் ஃபேஷன்.

நேற்று அதே கம்பெனி, வேறு ஆள்:
'உங்கள் சதுர மூக்கின் சாம்பிள் கிடைக்குமா?
ஆர்க்கைவ் கலெக்‌ஷனுக்கு வேண்டும்.'
நம்பரைப் பார்த்தேன். அதுவேதான்.
அன்றைய ஒற்றை வரி
பழைய ஃபோல்டரில் இன்னும் இருக்கிறது,
யாரும் அதை வாபஸ் வாங்கவில்லை.

சாம்பிள் ரூமில் இல்லை.
பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
அலமாரியோடு பூஞ்சை பிடித்துப்போனது.
தபித்தாள்தான் சொன்னாள்,
"எங்க மாமா இன்னும் போட்டுனுதான் இருக்காரு,
கோயிலுக்கு மட்டும்."

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் விண்ணமங்கலம்.
யேசுபாதம் பீரோ மேலிருந்து இறக்கினார்,
வேட்டித் துண்டில் சுற்றியிருந்தது.
இரண்டுமுறை அடி மாற்றியிருக்கிறார்.
விரல் மடங்கும் இடத்தில் நான்கு சுருக்கம்,
கொக்கியில் என் முகம் தெரிந்தது.

டேட்டட், பாஸே, டயர்டு, ஆர்க்கைவ்,
நான்கும் வாயில் ஊறிக்கொண்டிருக்க
எதைச் சொல்லி வாங்குவதென்று நின்றேன்.
வெளிநாட்டில் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்றேன், கடைசியில்.

அவர் ஒருமுறை ஊதித் தூசி போக்கி
இரண்டையும் என் கையில் வைத்தார்.
"ஞாயித்துக்கெழமைக்குள்ள வந்துடுமா?"